யார் பெட்டி எந்த சர்வரில்? எல்டேப்பைக் கேட்டு வழி சொல்லும் போஸ்ட்ஃபிக்ஸ்

ஒரே டொமைன், இரண்டு மெயில்பாக்ஸ் சர்வர். என் தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது. பழைய சர்வரிலிருந்து புதியதற்கு ஆட்களை வாரத்துக்கு ஐம்பது அறுபது பேராக நகர்த்திக்கொண்டிருந்தோம். வெளியிலிருந்து வரும் மெயில் எல்லாம் முதலில் வாசலில் நிற்கும் கேட்வேக்குத்தான் வரும். அதில் ஓடுவது போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள். யாருடைய பெட்டி பழையதில், யாருடையது புதியதில் என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். முதல் இரண்டு வாரம் எந்த முகவரிக்கான மெயில் எந்த சர்வருக்குப் போகும் என்று சொல்லும் டிரான்ஸ்போர்ட் ஃபைலில் ஆளுக்கொரு வரி என்று கையாலேயே எழுதினேன். மூன்றாவது வாரம் வரிகளை எல்லாம் சரியாக மாற்றிவிட்டு, அதை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவத்துக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை அறுபது பேர் புதிய பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒரு மெயில்கூட இல்லை. எல்லாம் பழைய பெட்டியில் குவிந்து கிடந்தது.

யார் எந்தப் பிரிவு, யாருக்கு என்ன முகவரி, யார் வேலையை விட்டுப் போய்விட்டார் என்பதெல்லாம் ஏற்கெனவே டைரக்டரியில், அதாவது எல்டேப் என்ற நெறிமுறையில் கேட்டால் பதில் சொல்லும் ஆள் பட்டியல் சர்வரில் இருக்கிறது. அதையே இன்னொரு ஃபைலில் நான் எதற்கு நகலெடுத்துக்கொண்டிருக்க வேண்டும்? கேட்வே நேராக டைரக்டரியையே கேட்டுக்கொள்ளட்டும் என்று முடிவுசெய்தேன். அந்த வேலையை எப்படிச் செய்தேன், எங்கே சறுக்கினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓபன்எல்டேப் என்ற டைரக்டரி சர்வரை வைத்துச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரிக்கு என்ன மாறும் என்பதையும் நடுவில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சின்ன விஷயம். கான்ஃபிக் பெயர்களை எல்லாம் உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். ஃபைலில் தட்டும்போது அவற்றின் ஆங்கில எழுத்திலேயே, அடிக்கோடு வரும் இடத்தில் அடிக்கோட்டோடு தட்டுங்கள். டொமைன் பெயர் உதாரணத்துக்கு வைத்தது.

மூன்று பதில்

டைரக்டரியை ஒரு முகவரி பற்றிக் கேட்டால் வரக்கூடிய பதில் மூன்று விதம். “இருக்கிறார், இந்த சர்வரில்.” “அப்படி யாரும் இல்லை.” “இப்போது சொல்ல முடியவில்லை.” மெயில் ஆட்களுக்கு இந்த இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம் உயிர் போகிற வித்தியாசம். “இல்லை” என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் 550 சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். மெயில் சேரவில்லை என்ற பவுன்ஸ் அனுப்பியவர் கைக்குப் போய்ச் சேரும், கதை முடிந்தது. “சொல்ல முடியவில்லை” என்றால் 451 சொல்லும், லாகில் டெம்பரரி லுக்கப் ஃபெயிலியர் என்று விழும். அனுப்பும் சர்வர் மெயிலைத் தன் கியூவிலேயே வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். குறைந்தது நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்பது மெயில் சர்வர்கள் தமக்குள் பேசும் நெறிமுறையான எஸ்எம்டிபியின் விதி, ஆர்எஃப்சி 5321 சொல்வது. ஆகவே டைரக்டரி ஒரு மணி நேரம் படுத்தாலும் மெயில் தொலையாது, தாமதமாகும், அவ்வளவுதான். தொலைவது எப்போது என்றால், “சொல்ல முடியவில்லை” என்று வரவேண்டிய இடத்தில் “இல்லை” என்று வரும்போது. நான் பட்டதில் பாதி இந்த ரகம்.

டைரக்டரி பக்கத்து வேலை

டைரக்டரியில் ஓர் ஆளின் பதிவை என்ட்ரி என்பார்கள். அதில் உள்ள ஒவ்வொரு தகவலும் ஆட்ரிபியூட், எந்தெந்த ஆட்ரிபியூட் இருக்கலாம் என்று சொல்வது ஆப்ஜெக்ட் கிளாஸ். ஓபன்எல்டேப்போடு வரும் மிஸ்க் ஸ்கீமாவில் ஐநெட்லோக்கல்மெயில்ரெசிப்பியன்ட் என்று ஒரு ஆப்ஜெக்ட் கிளாஸ் உண்டு. இது வந்தது ஓர் இன்டர்நெட் டிராஃப்டிலிருந்து. அந்த டிராஃப்ட் கடைசிவரை ஆர்எஃப்சி ஆகவில்லை. ஆனாலும் சென்ட்மெயிலின் எல்டேப் ரூட்டிங் இதைத்தான் எதிர்பார்க்கும் என்பதால் நிலைத்துவிட்டது. இதில் மூன்று ஆட்ரிபியூட்: மெயில்லோக்கல்அட்ரஸ், மெயில்ஹோஸ்ட், மெயில்ரூட்டிங்அட்ரஸ். முதலாவது, அதாவது முகவரி, ஒருவருக்கு எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். திருமணத்துக்கு முந்தைய பெயரில் ஒன்று, பின் ஒன்று, சுருக்கமாக ஒன்று என்று. பெட்டி இருக்கும் சர்வரின் பெயரான மெயில்ஹோஸ்ட் ஒன்றே ஒன்றுதான். நமக்கு இந்த இரண்டு போதும். ஏற்கெனவே இருக்கும் என்ட்ரியில் இந்த கிளாஸைத் துணை கிளாஸாகச் சேர்த்துவிடலாம், வேறெதையும் கலைக்காது.

ஆக்டிவ் டைரக்டரி என்றால் முகவரிகள் ப்ராக்ஸிஅட்ரசஸ் ஆட்ரிபியூட்டில் இருக்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் எஸ்எம்டிபி என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும் ஒட்டிக்கொண்டிருக்கும். முதன்மை முகவரிக்கு அது பெரிய எழுத்தில், மற்றவற்றுக்குச் சின்ன எழுத்தில். தேடும் நிபந்தனையான ஃபில்டரில் அந்த முன்னொட்டைச் சேர்க்க மறந்தால் யாருமே கிடைக்கமாட்டார்கள். பெரிசா சின்னதா என்று தேடலில் பார்க்காது, கவலை வேண்டாம். இன்னொன்று, அங்கே டொமைனின் உச்சியிலிருந்து 389ஆம் போர்ட்டில் தேடினால் “அங்கே போய்க் கேள்” என்னும் ரெஃபரல்கள் வந்து தேடல் இழுத்தடிக்கும். 3268இல் இருக்கும் குளோபல் கேட்டலாகைக் கேட்டால் இந்தத் தொல்லை இல்லை. நீங்கள் கேட்கும் ஆட்ரிபியூட் அதில் நகலாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்வேக்கென்று தனியாக ஒரு அக்கவுண்ட் போடுங்கள். மேற்சொன்ன இரண்டு ஆட்ரிபியூட்டையும் ஆப்ஜெக்ட் கிளாஸையும் படிக்க மட்டும் அனுமதி. அட்மின் பாஸ்வேர்டை கேட்வேயில் எழுதிவைப்பது வீட்டுச் சாவியை வாசல் கதவிலேயே மாட்டிவைக்கிற வேலை. இன்டர்நெட்டைப் பார்த்து நிற்கிற மெஷின் அது.

அப்புறம் இன்டெக்ஸ். மெயில்லோக்கல்அட்ரஸுக்கு ஈக்வாலிட்டி இன்டெக்ஸ் இல்லாவிட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் ஓபன்எல்டேப் எல்லா என்ட்ரியையும் புரட்டும். சோதனையில் தெரியாது, திங்கட்கிழமை காலை தெரியும். லாகில் ஆட்ரிபியூட் பெயரோடு நாட் இன்டெக்ஸ்டு என்று வரி வரியாக விழுந்தால் அதுதான். பழைய பாணி ஸ்லாப்டி கான்ஃப் ஃபைல் (ஸ்லாப்டி என்பது ஓபன்எல்டேப்பின் சர்வர் புரோகிராம்) வைத்திருப்பவர்கள் இன்டெக்ஸ் வரியைச் சேர்த்தால் மட்டும் போதாது, ஸ்லாப்டியை நிறுத்திவிட்டு ஸ்லாப்இன்டெக்ஸும் ஓட்ட வேண்டும். கான்ஃபிக்கை டைரக்டரிக்குள்ளேயே வைக்கும் சிஎன்=கான்ஃபிக் வழியில் போனால் அதுவே பின்னணியில் கட்டிக்கொள்ளும்.

போஸ்ட்ஃபிக்ஸைத் தொடுவதற்கு முன், கேட்வேயில் உட்கார்ந்து, அதே அக்கவுண்டில், எல்டேப்சர்ச் ஓட்டி ஒரு முகவரியைத் தேடிப் பாருங்கள். இதில் வராதது போஸ்ட்ஃபிக்ஸிலும் வராது.

கேட்வே பக்கத்து வேலை

முதலில் போஸ்ட்கான்ஃப் கட்டளையை -எம் போட்டு ஓட்டுங்கள். எந்தெந்த வகை மேப் (ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைச் சொல்லும் தேடல் அட்டவணை) தெரியும் என்று பட்டியல் தரும். அதில் எல்டேப் இல்லையென்றால் பேக்கேஜ் போடவில்லை என்று அர்த்தம். டெபியனிலும் உபுண்டுவிலும் போஸ்ட்ஃபிக்ஸ்-எல்டேப் என்று அது தனியாக இருக்கும்.

எல்டேப் விவரங்களை போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை கான்ஃபிக் ஃபைலான மெயின் சிஎஃப்பிலேயே எழுத ஒரு பழைய வழி இருக்கிறது. எழுதாதீர்கள். மெயின் சிஎஃப் எல்லோராலும் படிக்கக்கூடிய ஃபைல், அதில் பாஸ்வேர்ட் இருக்கக் கூடாது. தனி ஃபைல் போட்டு, ஓனர் ரூட், குரூப் போஸ்ட்ஃபிக்ஸ், பர்மிஷன் 640 என்று வையுங்கள். என்னுடைய டிரான்ஸ்போர்ட் ஃபைல் இப்படி இருக்கும்:

சர்வர்_ஹோஸ்ட் = எல்டேப்://டைர்1.உதாரணம்.காம் எல்டேப்://டைர்2.உதாரணம்.காம்
வெர்ஷன் = 3
ஸ்டார்ட்_டிஎல்எஸ் = யெஸ்
டிஎல்எஸ்_ரிக்வயர்_சர்ட் = யெஸ்
பைண்ட்_டிஎன் = (கேட்வே அக்கவுண்டின் முழு டிஎன், அதாவது டைரக்டரியில் அதன் முழுப் பெயர்)
பைண்ட்_பிடபிள்யூ = (பாஸ்வேர்ட்)
சர்ச்_பேஸ் = ஓயு=பீப்பிள்,டிசி=உதாரணம்,டிசி=காம்
டொமைன் = உதாரணம்.காம்
க்வெரி_ஃபில்டர் = (&(ஆப்ஜெக்ட்கிளாஸ்=ஐநெட்லோக்கல்மெயில்ரெசிப்பியன்ட்)(மெயில்லோக்கல்அட்ரஸ்=%எஸ்))
ரிசல்ட்_ஆட்ரிபியூட் = மெயில்ஹோஸ்ட்
ரிசல்ட்_ஃபார்மட் = ரிலே:[%எஸ்]
எக்ஸ்பான்ஷன்_லிமிட் = 1
டைம்அவுட் = 5

இதில் சில வரிகளை மேலோட்டமாகத் தாண்டிவிடக் கூடாது.

சர்வர் ஹோஸ்டில் இரண்டு பெயர். முதலாவது பதில் சொல்லாவிட்டால் அடுத்ததைப் பிடிக்கும். டைம்அவுட் சும்மா விட்டால் 10 விநாடி. படுத்துவிட்ட முதல் சர்வருக்காக ஒவ்வொரு இணைப்பும் பத்து விநாடி காத்து நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஐந்தாக்கினேன்.

ஃபில்டரில் %எஸ் என்றால் முழு முகவரி. %யு என்றால் @ குறிக்கு முன்னால் உள்ள பாதி, %டி என்றால் பின்னால் உள்ள டொமைன். முகவரியில் நட்சத்திரம், அடைப்புக்குறி மாதிரி விஷமமான எழுத்துகள் வந்தால் போஸ்ட்ஃபிக்ஸே அவற்றைக் கோட் செய்துவிட்டுத்தான் டைரக்டரிக்கு அனுப்பும், அதற்காக நீங்கள் மெனக்கெட வேண்டாம்.

ரிசல்ட் ஃபார்மட்டில் இருக்கும் சதுர அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. அது இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்த ஹோஸ்டின் எம்எக்ஸ் ரெக்கார்டை (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை) தேடாது, நேராக அந்த ஹோஸ்டுக்கே போகும். அடைப்புக்குறியை விட்டுவிட்டு, அந்த உள் சர்வரின் பெயருக்கும் ஓர் எம்எக்ஸ் ரெக்கார்ட் இருந்து, அது கேட்வேயையே காட்டினால், மெயில் வாசல்படியிலேயே வட்டமடிக்கும். எஸ்எம்டிபி என்று போடாமல் ரிலே என்று போட்டதும் வேண்டுமென்றேதான். இரண்டும் ஒரே புரோகிராம். ஆனால் உள்ளே வரும் மெயிலும் வெளியே போகும் மெயிலும் வெவ்வேறு வரிசையில் நின்றால், வெளியே எங்கோ ஒரு சர்வர் மந்தமாக இருப்பதற்காக நம் ஆட்களின் மெயில் தேங்காது.

எக்ஸ்பான்ஷன் லிமிட் 1 என்பது இன்ஷூரன்ஸ். ஒரே முகவரி தப்பித்தவறி இரண்டு என்ட்ரியில் இருந்தால் (வேலையை விட்டுப் போனவரின் பழைய என்ட்ரியை யாரும் துடைக்காமல் விட்டிருப்பார்கள்) பதில் காற்புள்ளி போட்டு இரண்டாக ஒட்டி வரும். ஒரு டிரான்ஸ்போர்ட் என்று எதிர்பார்க்கும் இடத்தில் அது குப்பை. லிமிட் 1 இருந்தால் டெம்பரரி எர்ரர் ஆகி, மெயில் கியூவில் நிற்கும். நாம் லாகைப் பார்த்து என்ட்ரியைச் சரிசெய்யலாம்.

ஃபைலின் எழுத்து முறைக்கும் ஒரு எச்சரிக்கை. வரி ஸ்பேஸில் ஆரம்பித்தால் அது முந்தைய வரியின் தொடர்ச்சி. எங்கிருந்தோ காப்பி பண்ணி ஒட்டும்போது முன்னால் ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு, சர்ச் பேஸ் வரி பாஸ்வேர்டின் வாலாகிப்போன அனுபவம் எனக்கு உண்டு. பாஸ்வேர்ட் தப்பு என்று டைரக்டரி சொல்ல, பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றினேன். வரியின் கடைசியில் கமெண்ட் எழுதவும் கூடாது, அதுவும் மதிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

இன்னொன்று ரெசிப்பியன்ட் ஃபைல், ஆள் இருக்கிறாரா என்று மட்டும் கேட்பதற்கு. அது இதன் நகல்தான். ரிசல்ட் ஆட்ரிபியூட் மெயில்லோக்கல்அட்ரஸ், ரிசல்ட் ஃபார்மட் வரி வேண்டாம், எக்ஸ்பான்ஷன் லிமிட்டும் வேண்டாம். எக்ஸ்பான்ஷன் லிமிட்டை இங்கே நகலோடு சேர்த்து விட்டுவைத்தால், இரண்டு முகவரி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் 451தான். இந்த மேப்பில் என்ன பதில் வருகிறது என்பதை போஸ்ட்ஃபிக்ஸ் பொருட்படுத்தாது. ஏதோ ஒன்று வந்தால் போதும், ஆள் இருக்கிறார்.

பிறகு மெயின் சிஎஃப்பில் மூன்று வரி:

ரிலே_டொமைன்ஸ் = உதாரணம்.காம்
ரிலே_ரெசிப்பியன்ட்_மேப்ஸ் = ப்ராக்ஸி:எல்டேப்:/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ரெசிப்பியன்ட்.சிஎஃப்
டிரான்ஸ்போர்ட்_மேப்ஸ் = ப்ராக்ஸி:எல்டேப்:/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/டிரான்ஸ்போர்ட்.சிஎஃப், ஹாஷ்:/ஈடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/டிரான்ஸ்போர்ட்

ரிலே டொமைன்ஸில் போட்ட டொமைன் மைடெஸ்டினேஷனில் இருக்கக் கூடாது. இருந்தால் கேட்வே மெயிலைத் தன் சொந்த மெயிலாக நினைத்துக்கொள்ளும்.

ப்ராக்ஸி என்ற முன்னொட்டுக்கு இரண்டு காரணம். ஒன்று, அது இல்லாவிட்டால் மெயிலை வாங்கும் ஒவ்வொரு எஸ்எம்டிபிடி புராசஸும் டைரக்டரிக்குத் தனித்தனி இணைப்பு திறக்கும். நூறு புராசஸ், நூறு இணைப்பு. ப்ராக்ஸிமேப் நடுவில் நின்று எல்லோர் சார்பிலும் கேட்டுச் சொல்லும். இரண்டாவது காரணம் க்ரூட். பல இடங்களில் எஸ்எம்டிபிடி தன் ஸ்பூல் டைரக்டரிக்குள் அடைபட்டு ஓடுகிறது. அங்கிருந்து சர்ட்டிஃபிகேட் ஃபைல்கள் கண்ணுக்குத் தெரியாது. கையால் ஓட்டிய போஸ்ட்மேப் அழகாகப் பதில் சொல்லும், நிஜ மெயில் வந்தால் டிஎல்எஸ் எர்ரர். ப்ராக்ஸிமேப் வெளியே நிற்பதால் அதற்கு இந்தக் கட்டு இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு மதியம் ஆனது.

ஹாஷ் ஃபைல் (போஸ்ட்மேப் ஓட்டிக் கட்டும் சாதாரண ஃபைல்) எதற்கு என்றால், மெயில்ஹோஸ்ட் நிரப்பாத என்ட்ரிகளுக்கு. ஆள் இருக்கிறார், ஆனால் எந்த சர்வர் என்று எழுதவில்லை. டிரான்ஸ்போர்ட் எதுவும் சொல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் டொமைனின் எம்எக்ஸைத் தேடும், எம்எக்ஸ் கேட்வேயேதான், “எனக்கே திரும்பி வருகிறதே” என்று மெயிலைப் பவுன்ஸ் பண்ணிவிடும். ஹாஷ் ஃபைலில் உதாரணம்.காம் என்ற டொமைனுக்கு ஒரே வரி போட்டு, பழைய சர்வரைக் காட்டி வைத்தேன். முழு முகவரியை முதலில் இரண்டு மேப்பிலும் தேடிவிட்டு, அதற்கப்புறம்தான் வெறும் டொமைனைத் தேடும் என்பதால், எல்டேப் பதில் சொன்னவர்களுக்கு இந்த வரி குறுக்கே வராது.

எல்லாம் எழுதியதும் போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட். எல்டேப் ஃபைலில் ஓர் எழுத்தை மாற்றினாலும் ரீலோட்.

வேண்டாத கேள்விகளையும் கேளுங்கள்

போஸ்ட்மேப் -க்யூ, பக்கத்தில் முகவரி, அதன் பக்கத்தில் மேப் பெயர். பதில் வந்தால் திரையில் ஒரு வரி வரும். புதிய சர்வரில் இருக்கும் ஒருவர், பழையதில் இருக்கும் ஒருவர் என்று இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்து, இரண்டும் சரியாக வந்ததும் நான் மெயின் சிஎஃப்பைத் திறந்துவிட்டேன். முதல் தடவை செய்த தப்பு அதுதான்.

அப்போது என் ஃபைலில் டொமைன் வரி கிடையாது. ஃபில்டரும் வேறு: (யுஐடி=%யு). யூசர் பெயரும் முகவரியின் முன்பாதியும் ஒன்றுதானே, சுருக்கமாக இருக்கட்டும் என்று எழுதியது. உள்ளே வரும் மெயில் எல்லாம் கச்சிதமாகப் போனது. இரண்டு நாள் கழித்து அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். “நாங்க சப்ளையருக்கு அனுப்புற மெயில் எல்லாம் திரும்பி வருது சார். அவங்க அக்கவுண்ட்ஸுக்கு மட்டும்தான். அதே கம்பெனியில வேற ஆளுக்குப் போகுது.” பவுன்ஸில் காரணம் டூ மெனி ஹாப்ஸ். எதிராளியின் சர்வர் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பவுன்ஸோடு வந்த ஒரிஜினல் மெயிலின் ஹெடரைத் திறந்தேன். கடந்துவரும் ஒவ்வொரு சர்வரும் சேர்க்கும் ரிசீவ்ட் வரிகள் கீழிருந்து மேலாக: கேட்வே, பழைய சர்வர், கேட்வே, பழைய சர்வர், கேட்வே, பழைய சர்வர். ஸ்க்ரோல் பண்ணப் பண்ண அதே இரண்டு பெயர். ஐம்பது வரி ஆனதும் போஸ்ட்ஃபிக்ஸ் போதும் என்று வெட்டியிருக்கிறது. ஹாப்கவுண்ட் லிமிட்டின் இயல்பு மதிப்பு 50. மெயில் கட்டடத்தை விட்டு வெளியே கால் வைக்கவே இல்லை.

நடந்தது இது. டிரான்ஸ்போர்ட் மேப்பை போஸ்ட்ஃபிக்ஸ் உள்ளே வரும் மெயிலுக்கு மட்டும் கேட்பதில்லை. வெளியே போகும் மெயிலின் ஒவ்வொரு பெறுநருக்கும் கேட்கும். சப்ளையரின் அக்கவுண்ட்ஸ் முகவரியைக் கேட்டபோது, %யு அதில் அக்கவுண்ட்ஸ் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு டைரக்டரியைத் தேடியது. எங்களிடமும் ஓர் அக்கவுண்ட்ஸ் இருக்கிறதே! பழைய சர்வரில் இருக்கிறார் என்று பதில் வந்தது. கேட்வே மெயிலைப் பழைய சர்வருக்குத் தள்ள, அது “இது வெளி டொமைன், கேட்வேதான் அனுப்பணும்” என்று திருப்பித் தள்ள, இப்படியே ஐம்பது வரி ஆகும்வரை. அக்கவுண்ட்ஸ், சேல்ஸ், இன்ஃபோ, ஹெச்ஆர் என்று எல்லா கம்பெனியிலும் இருக்கிற பெயர்கள் அத்தனையும் இதில் மாட்டியிருந்தன. மற்ற முகவரிகளுக்கு ஒரு குறையும் இல்லை. அதனால்தான் இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை.

%எஸ் போட்டு முழு முகவரியைத் தேடினாலே இது சரியாகிவிடும். டொமைன் வரி அதற்கு மேல் இன்னொரு பூட்டு: அந்தப் பட்டியலில் இல்லாத டொமைனுக்கு டைரக்டரியை அது கேட்கவே கேட்காது. வெளியே போகும் மெயிலுக்கெல்லாம் டைரக்டரியைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதும் லாபம்.

அதனால் இப்போது நான் கேட்டுப் பார்ப்பது, பதில் வரக் கூடாத கேள்விகளைத்தான் அதிகம். நம் டொமைனில் இல்லாத ஒரு பெயர்: மௌனமாக இருக்க வேண்டும். வெளி டொமைனில் நம்மிடமும் இருக்கும் ஒரு பெயர்: மௌனம். வெறும் டொமைன், @ குறியில் ஆரம்பிக்கும் டொமைன், நட்சத்திரம் மட்டும்: மௌனம், மௌனம், மௌனம். முன்பாதியே இல்லாத இந்தச் சாவிகளையும் போஸ்ட்ஃபிக்ஸ் தன் தேடலில் சில மேப்களுக்குக் கேட்கும் என்பதால் சோதிப்பது வீண் இல்லை. எக்ஸிட் கோடை மட்டும் நம்பி ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். “இல்லை” என்ற மௌனமும் “சொல்ல முடியவில்லை” என்ற புலம்பலும் வேறு வேறு, திரையில் வருவதைப் படித்தால்தான் தெரியும். என்ன ஃபில்டர் போனது என்று பார்க்க -வி சேர்த்து ஓட்டுங்கள்.

மூன்றாவது பதிலையும் வரவழைத்துப் பார்க்க வேண்டும். கேட்வேயின் ஃபயர்வாலில் டைரக்டரிக்குப் போகும் 389ஐ அடைத்துவிட்டு, கையால் எஸ்எம்டிபி பேசி, பெறுநரைச் சொல்லும் ஆர்சிபிடி டு வரியைத் தட்டுங்கள். 451 வர வேண்டும். 550 வந்தால் அன்றைக்கு அந்த அமைப்பை உயிர்ப்பிக்க வேண்டாம்.

“இல்லை” என்று பொய் சொல்லும் டைரக்டரி

டைரக்டரி படுப்பது பிரச்சினையில்லை என்றேன். நிமிர்ந்து நின்றுகொண்டே தப்பாகப் பதில் சொல்வதுதான் பிரச்சினை. டைரக்டரியைப் பார்த்துக்கொள்பவர் ஒருநாள் பாதுகாப்புக்காக ஏசிஎல்லை (யார் எதைப் பார்க்கலாம் என்ற விதிகளை) இறுக்கினார். அதில் என் கேட்வே அக்கவுண்டுக்கு மெயில்லோக்கல்அட்ரஸைத் தேடும் உரிமை போய்விட்டது. ஓபன்எல்டேப் இதற்கு எர்ரர் சொல்லாது. தேட உரிமையில்லாத ஆட்ரிபியூட்டில் தேடினால், தேடல் வெற்றி, கிடைத்தது பூஜ்யம் என்று சொல்லும். போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது அப்பட்டமான “இல்லை”. இருபது நிமிடம், உள்ளே வந்த ஒவ்வொரு மெயிலுக்கும் 550. மேலதிகாரி தனக்குத் தானே வெளியிலிருந்து ஒரு மெயில் அனுப்பி, அது பவுன்ஸாகிப் போனைக் கையில் எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இதற்கு நான் இரண்டு காவல் வைத்திருக்கிறேன். டைரக்டரியிலோ கேட்வேயிலோ யார் எதை மாற்றுவதாக இருந்தாலும், அதற்கு முன் மெயின் சிஎஃப்பில் சாஃப்ட்_பவுன்ஸ் = யெஸ். இது இருக்கும்வரை போஸ்ட்ஃபிக்ஸ் சொல்லும் 5இல் தொடங்கும் கோடுகள் எல்லாம் 4இல் தொடங்குபவையாக மாறிவிடும். தப்பு நடந்தாலும் மெயில் அனுப்பியவரின் கியூவில் காத்திருக்கும். மாற்றம் நிலைத்ததும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பாம் அனுப்புகிறவர்கள் இல்லாத முகவரிக்கு நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது காவல், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை க்ரானில் போஸ்ட்மேப் -க்யூ போஸ்ட்மாஸ்டர் முகவரி. அது வெறுங்கையாகத் திரும்பினால் எனக்கு எஸ்எம்எஸ். மெயிலில் எச்சரிக்கை அனுப்பி என்ன பயன்?

நூறு நூற்றைம்பது பெட்டிகள்தான், மாற்றமும் எப்போதோ ஒருமுறைதான் என்றால், நேரடியாக எல்டேப்பைக் கேட்கும் இந்த ஏற்பாடே வேண்டாம் என்பது என் கட்சி. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை டைரக்டரியிலிருந்து எல்லா முகவரியையும் இழுத்து, வேறு பெயரில் ஒரு ஹாஷ் ஃபைல் கட்டி, பெயர் மாற்றி இடத்தில் வைக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். டைரக்டரி படுத்தாலும் கேட்வேக்குத் தெரியாது. ஒரே நிபந்தனை: புதிய பட்டியல் பழையதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருந்தால் ஸ்கிரிப்ட் அதை வைக்காமல் கத்த வேண்டும். மேலே சொன்ன ஏசிஎல் கூத்தை இந்த ஒரு வரி தடுத்திருக்கும்.

நகர்த்தும் நாளில்

ஒருவரைப் புதிய சர்வருக்கு மாற்றினால், அவருடைய மெயில்ஹோஸ்டை எல்டேப்மாடிஃபை போட்டு மாற்றினால் போதும். கேட்வேயில் கை வைக்க வேண்டாம், ரீலோடும் வேண்டாம். அந்த நேரம் கியூவில் அவருக்கான மெயில் நின்றுகொண்டிருந்தால்? கியூ மேனேஜர் ஒவ்வொரு முறை மெயிலை எடுத்து அனுப்ப முயலும்போதும் டிரான்ஸ்போர்ட்டைப் புதிதாகக் கேட்கும், ஆகவே அடுத்த முயற்சியில் அது தானாகவே புதிய சர்வருக்குப் போய்விடும். ஒரு முகவரியை வேறு முகவரியாக மாற்றும் விர்ச்சுவல் அலையஸ் மேப்களையும் எல்டேப்பில் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அலையஸ் விரிப்பது மெயில் உள்ளே நுழையும் நேரத்திலேயே முடிந்துவிடும். அதை மாற்றினால் ஏற்கெனவே கியூவில் இருப்பவற்றை போஸ்ட்சூப்பர் -ஆர் போட்டு மறுபடி உள்ளே நுழைக்க வேண்டும்.

முகவரியில் கூட்டல் குறி போட்டு ஒட்டு வைப்பவர்கள் உங்களிடம் இருந்தால், கேட்வேயிலும் ரெசிப்பியன்ட்_டிலிமிட்டர் வரி இருக்கட்டும். ஒட்டோடு ஒருமுறை தேடிவிட்டு, ஒட்டில்லாமல் மறுபடி தேடும். உள் சர்வரில் மட்டும் வைத்துவிட்டு கேட்வேயில் மறந்தால் அவர்களுக்கு வாசலிலேயே 550.

கடைசிப் பிரிவும் புதிய சர்வருக்கு வந்த பிறகு, ஹாஷ் ஃபைலில் இருந்த அந்த ஒற்றை வரியைப் புதிய சர்வருக்குத் திருப்பி, இந்தத் தடவை மறக்காமல் போஸ்ட்மேப்பும் ஓட்டினேன். பழைய மெஷினை அணைக்கும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று, மெயில்ஹோஸ்ட் இன்னும் பழைய பெயரிலேயே இருப்பவர்கள் யார் என்று ஓர் எல்டேப்சர்ச் ஓட்டினேன். பதினொரு என்ட்ரி வந்தது. பத்து, யாரும் லாகின் செய்யாத பொதுப் பெட்டிகள். பதினோராவது போஸ்ட்மாஸ்டர், அதாவது நான்.